வயிற்று வலி பொய்யில்லை: பள்ளிக்குப் போகமாட்டேன் என்கிற பிள்ளையை எப்படிப் புரிந்துகொள்வது

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மகன் ஏழாம் வகுப்பு. போன வருடம்தான் இந்தப் பள்ளியில் சேர்த்தீர்கள், ஆறாம் வகுப்பு எப்படியோ ஓடிவிட்டது. இந்த வருடம் காலாண்டு லீவு முடிந்ததிலிருந்து காலையில் எழுந்ததும் வயிற்று வலி, சில நாள் வாந்தி. டாக்டர் ஸ்கேன் வரை எடுத்துப் பார்த்துவிட்டு எல்லாம் நார்மல் என்கிறார். ஐந்து வாரமாகப் பள்ளிப் பக்கமே போகவில்லை. பாட்டி சுற்றிப் போட்டாயிற்று, அப்பா இரண்டு தடவை அடித்தும் பார்த்தாயிற்று. ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் அதே பள்ளி மைதானத்தில் நடக்கிற சிலம்ப வகுப்புக்கு மட்டும் யாரும் சொல்லாமலேயே கம்பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறான். "அப்ப வலிக்காத வயிறு திங்கக்கிழமை மட்டும் எப்படி வலிக்கும், நடிக்கிறான்" என்கிறார் அவன் அப்பா. அவன் நடிக்கிறானா, வேறு பள்ளிக்கு மாற்றினால் சரியாகுமா என்று கேட்கிறீர்கள்.

நடிக்கவில்லை. இதை நான் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன், ஏனென்றால் 16 வருடமாகத் திருச்சியில் பிள்ளைகளுக்கான மனநல ஆலோசகராக இருக்கிறேன், இந்த ஒரு சந்தேகம் வீட்டில் நுழைந்துவிட்டால் அதற்கப்புறம் பிள்ளை வாயே திறக்காது. பயம் வந்தால் முதலில் கலங்குவது குடல்தான். பெரியவர்கள் நாமே ஒரு இன்டர்வியூவுக்குக் கிளம்பும் முன் நாலு தடவை பாத்ரூம் போகிறோம், பரீட்சை ஹால் வாசலில் கை சில்லிட்டுப் போகிறது. அதே வேலைதான் உங்கள் மகன் உடம்பிலும் நடக்கிறது. ஸ்கேனில் தெரியாது, ஆனால் வலி வலிதான். சனிக்கிழமை வலிக்காததற்குக் காரணம் சனிக்கிழமை பயம் இல்லை என்பது. அப்பா இதை நடிப்புக்குச் சாட்சியாகப் பார்க்கிறார், நான் இதை உங்கள் கடிதத்திலேயே மிக உபயோகமான தகவலாகப் பார்க்கிறேன். பள்ளியின் கேட் அவனுக்குப் பயமில்லை, மைதானம் பயமில்லை, உங்களை விட்டுப் பிரிந்து போவதும் பயமில்லை. அப்படியானால் திங்கள் முதல் வெள்ளி வரை, காலை ஒன்பதிலிருந்து மாலை நாலுக்குள் அந்தக் கட்டடத்துக்குள் நடக்கிற ஏதோ ஒன்று. தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிட்டது.

இன்னொன்றையும் பிரித்துக்கொள்ளுங்கள். ஊரில் 'கட் அடிப்பது' என்போமே, யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு கிளம்பி வேறெங்கோ சுற்றிவிட்டு நாலரைக்கு வீடு வருவது, அது வேறு சமாசாரம். அந்தப் பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்ளும். உங்கள் மகன் உங்கள் கண் முன்னால், உங்கள் மடியில் படுத்துக்கொண்டு போகமாட்டேன் என்கிறான். போக வேண்டும் என்பது அவனுக்கும் தெரியும், பெரும்பாலும் முந்தின ராத்திரி பையைக்கூட அடுக்கி வைத்திருப்பான். 1941-லேயே அமெரிக்க மருத்துவர்கள் இதற்கு 'பள்ளி அச்சம்' என்று பெயர் வைத்து எழுதினார்கள். இப்போது அந்தப் பெயரை அதிகம் பயன்படுத்துவதில்லை, ஏனென்றால் எல்லாப் பிள்ளைக்கும் காரணம் அச்சம் மட்டுமே இல்லை. தனி நோயாகவும் யாரும் இதை எண்ணுவதில்லை. காய்ச்சல் மாதிரி இது ஒரு அறிகுறி, கீழே வேறொன்று இருக்கும்.

இந்தக் காலை நேரம் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும், எத்தனையோ அம்மாக்கள் சொல்லி அழுதிருக்கிறார்கள். எட்டுப் பத்துக்கு வேன் ஹாரன் அடிக்கும். ஒரு காலில் ஷூ மாட்டியிருப்பான், இன்னொரு ஷூ கையில் இருக்கும், அதன் லேஸை விரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பான், உதடு வெளுத்திருக்கும். டிரைவர் இரண்டாவது ஹாரன் அடிப்பார். "சரி, இன்னிக்கு ஒரு நாள் இரு" என்று நீங்கள் சொல்வீர்கள். வேன் தெருமுனை திரும்பியதும் அவன் முகம் தெளியும், ஒன்பதரைக்கு இட்லி கேட்பான். அந்தத் தெளிச்சிதான் எல்லோரையும் ஏமாற்றுகிறது. அப்பாவுக்கு அது நடிப்பு முடிந்த அடையாளம். உண்மையில் அது தப்பித்த நிம்மதி, அந்த நிம்மதியிலிருந்து அவன் மூளை ஒரு பாடம் படித்துக்கொள்கிறது: போகாமல் இருந்தால் இந்த வேதனை நிற்கும். அதனால் நாளைக் காலை வலி இன்னும் சீக்கிரம் வரும், இன்னும் பலமாக வரும். ஐந்து வாரத்தில் இது எவ்வளவு இறுகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அதோடு விட்டுப்போன பாடம், முடிக்காத நோட்டு, "எங்கடா போயிருந்த இவ்ளோ நாளா" என்று கேட்கப்போகிற நாற்பது முகங்கள், எல்லாம் சேர்ந்து முதலில் இருந்த காரணத்தைவிடப் பெரியதாக வளர்ந்து நிற்கும்.

அதனால்தான் "அவன் போக்கில் விட்டுவிடுங்கள், ஆசைப்பட்டால் போகட்டும்" என்கிற யோசனையோடு எனக்கு உடன்பாடு இல்லை. அதே போல, காரணம் என்னவென்று தெரியாமல் வேனில் தூக்கிப் போட்டு அனுப்புவதோடும் உடன்பாடு இல்லை. உள்ளே நடப்பது மாறாமல் அனுப்பினால், வீட்டிலும் யாரும் காது கொடுக்கமாட்டார்கள் என்பதை மட்டும்தான் பிள்ளை கற்றுக்கொள்ளும். அடித்ததைப் பற்றி உங்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, கையாலாகாத கோபத்தில் நடந்தது. ஆனால் இனி வேண்டாம். பயத்துக்குப் பயம் மருந்தாகாது.

சரி, காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? அமெரிக்காவில் கிறிஸ்டோபர் கியர்னி, வெண்டி சில்வர்மன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1990-களில் ஒரு எளிய வழி சொன்னார்கள். ஏன் போகவில்லை என்று கேட்பதைவிட, போகாமல் இருப்பதால் இந்தப் பிள்ளைக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள் என்றார்கள். பள்ளியில் ஏதோ ஒன்று, வேனோ கழிப்பறையோ ஒரு பீரியடோ, உடம்பையும் மனதையும் கலக்குகிறது, அதிலிருந்து தப்பிக்கிறதா. நாலு பேர் முன்னால் நின்று பேச, படிக்க, பரீட்சை எழுத வேண்டிய சங்கடத்திலிருந்து தப்பிக்கிறதா. அம்மாவோ பாட்டியோ பக்கத்தில் கிடைக்கிறார்களா. இல்லை வீட்டில் போனும் டிவியும் தூக்கமும் கிடைக்கிறதா. ஒரே பிள்ளைக்கு இரண்டு மூன்று சேர்ந்தும் இருக்கும். தப்பிப்பதற்காக ஆரம்பித்தது, மூன்றாவது வாரத்தில் போன் ருசியும் சேர்ந்து நீளும். சிலம்பக் கதையை வைத்துப் பார்த்தால் உங்கள் மகனுக்கு முதல் இரண்டில் ஒன்று என்றுதான் நினைக்கிறேன். ஐந்து வாரமாக வீட்டில் என்ன செய்கிறான் என்று நீங்கள் எழுதவில்லை, அதையும் பார்க்க வேண்டும்.

என்னிடம் வந்த ஒரு பையன், இவனும் ஏழாம் வகுப்புதான். மாதத்தில் ஆறேழு நாள் லீவு, ஒழுங்கே இல்லாத மாதிரி இருந்தது. கிளாஸ் டீச்சரிடம் அட்டெண்டன்ஸ் தேதிகளை வாங்கி டைம் டேபிளோடு வைத்துப் பார்த்தோம். எல்லாமே இங்கிலீஷ் பீரியட் முதலில் வருகிற நாட்கள், அதிலும் எல்லா வாரமும் இல்லை. அப்புறம்தான் புரிந்தது: அந்த வகுப்பில் ரோல் நம்பர் வரிசைப்படி ஆளுக்கு ஒரு பத்தி எழுந்து நின்று சத்தமாகப் படிக்க வேண்டும். இவன் நம்பர் 23. முந்தின நாள் வகுப்பு 18-ல் நின்றால் நாளைக்குத் தன் முறை வந்துவிடும் என்று கணக்குப் போட்டு, அன்றைக்கு ராத்திரியே வயிறு வலிக்க ஆரம்பிக்கும். அவனுக்கு எழுத்துகளைக் கூட்டி வாசிப்பதில் கஷ்டம் இருந்தது. ஆறு வருடமாக யாரும் கவனிக்கவில்லை, ஏனென்றால் காதில் கேட்டதை அப்படியே மனப்பாடம் பண்ணி ஒப்பேற்றிவிடுவான். சோதித்ததில் கற்றல் குறைபாடு என்று தெரிந்தது. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இதுவும் சேர்க்கப்பட்டிருக்கிறது. சான்றிதழ் வாங்கினால் பொதுத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்லச் சொல்ல எழுதித் தர ஒரு ஆள் போன்ற சலுகைகள் உண்டு. ஆனால் அவனை மறுபடி உள்ளே கொண்டுபோனது சான்றிதழ் இல்லை. அந்த டீச்சர் ஒரு காரியம் செய்தார்: நாளைக்கு அவன் படிக்க வேண்டிய பத்தி எது என்று முந்தின நாளே பென்சிலால் கோடு போட்டுக் கொடுத்தனுப்பினார்.

இன்னொரு பெண், எட்டாம் வகுப்பு. வீட்டில் "யாரையோ நினைச்சுக்கிட்டு இருக்கா" என்று சந்தேகப்பட்டு அவள் நோட்டையெல்லாம் புரட்டிப் பார்த்திருக்கிறார்கள். அவள் வயதுக்கு வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. பள்ளியில் அவள் தளத்தில் இருந்த கழிப்பறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் இல்லை, பீரியடுக்கு நடுவில் போக விடமாட்டார்கள். காலை ஏழிலிருந்து நாலரை வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் இருந்திருக்கிறாள். முதலில் மாதம் மூன்று நாள் லீவு, அப்புறம் விட்டுப்போன கணக்குப் பாடம் புரியாமல் மேலும் நாலு நாள், அப்படியே வளர்ந்தது. தாழ்ப்பாள் போட நூறு ரூபாய்கூட ஆகியிருக்காது. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, கேட்டவர்கள் எல்லோரும் காலை எட்டு மணிக்குக் கத்திக்கொண்டே கேட்டார்கள்.

அதனால் நீங்கள் கேட்கிற நேரத்தை மாற்றுங்கள். காலையில் எதுவும் கேட்காதீர்கள். ராத்திரி விளக்கணைத்த பிறகு, அல்லது வண்டியில் பின்னால் உட்கார்ந்து வரும்போது, முகத்துக்கு முகம் பார்க்காத நேரத்தில் பிள்ளைகள் பேசுவார்கள். "ஏன் போகமாட்டேங்கிற" என்று கேட்டால் "தெரியல" என்பான். அது திமிர் இல்லை, நிஜமாகவே கோர்வையாகச் சொல்லத் தெரியாது. ஒரு தாளைக் கொடுத்து பள்ளியை வரையச் சொல்லுங்கள். கேட், மாடிப்படி, வகுப்பு, கேன்டீன், கழிப்பறை, வேன் நிற்கும் இடம் எல்லாம். நல்ல இடத்துக்குப் பச்சை, சுமாரான இடத்துக்கு மஞ்சள், பிடிக்காத இடத்துக்குச் சிவப்பு அடிக்கச் சொல்லுங்கள். நான் பார்த்த வரைக்கும் வாய் சொல்லாததைக் கலர் பென்சில் சொல்லிவிடும். கூடவே ஜூன், ஜூலை, ஆகஸ்டில் அவன் விட்டுவிட்டுப் போட்ட லீவு தேதிகளை வாங்கி டைம் டேபிளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஐந்து வாரம் மொத்தமாக நிற்பதற்கு முன் கட்டாயம் சில்லறை லீவுகள் இருந்திருக்கும், காரணம் அங்கேதான் இருக்கும்.

சிவப்பு ஒரு ஆள் மேல் விழுந்தால், அது வேனில் வருகிறவரோ வாத்தியாரோ பெரிய வகுப்புப் பையனோ, அங்கே நான் கீழே சொல்லப்போகிற எதையும் ஆரம்பிக்காதீர்கள், பிள்ளையைத் திருப்பி அனுப்பவே கூடாது. உடம்பைத் தொட்டது சம்பந்தமாக எதுவும் சொன்னால் 'யோசித்துச் சொல்லு' என்று குறுக்கு விசாரணை செய்யாமல் குழந்தைகள் உதவி எண் 1098-ஐக் கூப்பிடுங்கள். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டப்படி இது தெரியவந்த யாரும் போலீசுக்கோ அதற்கான சிறார் காவல் பிரிவுக்கோ சொல்லியே ஆக வேண்டும், பள்ளிக்குள் பேசி முடித்துக்கொள்ளலாம் என்பதற்கே இடமில்லை. அடியும் அவமானமும் காரணம் என்றால், கல்வி உரிமைச் சட்டம் 2009-ன் 17-வது பிரிவு இரண்டையும் தடை செய்கிறது. எழுத்தில் புகார் கொடுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417-லும் சொல்லலாம்.

சாதியையும் சொல்லாமல் விட முடியாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலினத்தைச் சேர்ந்த ஒரு மாணவனைச் சக மாணவர்கள் வீடு புகுந்து வெட்டினார்களே, அந்தப் பையன் அதற்கு முன்னால் சில நாள் பள்ளிக்குப் போகாமல் இருந்தான். ஏன் வரவில்லை என்று பள்ளி விசாரித்த பிறகுதான் அவனுக்கு நடந்த கொடுமை வெளியே வந்தது, அதற்குப் பழி வாங்கத்தான் அந்த வெட்டு. அதற்கப்புறம் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் கையில் கட்டும் சாதிக் கயிறு வரைக்கும் பேசியிருக்கிறது. ஒரு பிள்ளை போகமாட்டேன் என்று சொல்வது சில நேரம் தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள அதற்குத் தெரிந்த ஒரே வழி. அங்கே மாற வேண்டியது பள்ளி.

அப்படி எதுவும் இல்லையென்றால், திரும்பப் போவதைப் படிப்படியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும், சீக்கிரமும் ஆரம்பிக்க வேண்டும். 'ஜனவரியில் பொங்கல் லீவு முடிஞ்சதும் போவான்' என்று தள்ளிப் போட்டால் படி இன்னும் உயரமாகிவிடும். முதலில் நீங்களும் அவன் அப்பாவும் அவன் இல்லாமல் போய் ஹெட்மாஸ்டரைப் பாருங்கள். கேட்க வேண்டியது சின்னச் சின்னது: இரண்டு வாரத்துக்கு அவன் பாதி நாள் வந்தாலும் உள்ளே விட வேண்டும், பழைய ஹோம் வொர்க் நோட்டைக் கேட்கக் கூடாது, அவன் நுழையும்போது எந்த டீச்சரும் "வாங்க ராஜா, இப்பதான் வழி தெரிஞ்சுதா" என்று சொல்லக் கூடாது. இந்த ஒரு வாக்கியம் எத்தனை பிள்ளைகளைக் கேட்டிலிருந்தே திருப்பி அனுப்பியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். மூச்சு முட்டினால் பத்து நிமிடம் போய் உட்கார ஒரு இடமும், அதற்கு ஒரு ஆளும் வேண்டும். நூலகமாக இருக்கலாம், பி.டி. ஸார் அறையாக இருக்கலாம். நோட்டுக்கும் பேச்சுத் துணைக்கும் வகுப்பில் ஒரு நல்ல நண்பன். ஒத்துவராத பள்ளிகளும் உண்டு, ஆனால் ஐந்து வாரம் வராத பிள்ளையின் பெற்றோர் இரண்டு பேரும் சேர்ந்து போய் நின்று இப்படித் திட்டமாகக் கேட்கும்போது பெரும்பாலான ஹெட்மாஸ்டர்கள் கேட்டுக்கொள்கிறார்கள்.

அப்புறம் படிகள். முதல் படி அவன் நெஞ்சு படபடத்தாலும் செய்து முடிக்கக் கூடியதாக இருக்க வேண்டும். பள்ளி விட்ட பிறகு வெறும் வகுப்பறைக்குப் போய்த் தன் பெஞ்சில் ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வருவது ஒரு படி. கடைசி இரண்டு பீரியடுக்கு மட்டும் போவது அடுத்தது, இதில் ஒரு சௌகரியம், மணி அடித்ததும் எல்லோரோடும் சேர்ந்து வெளியே வருவான், பாதியில் கிளம்புகிற கூச்சம் இருக்காது. அப்புறம் மதியத்திலிருந்து, கடைசியாகப் பிரேயரிலிருந்து. ஒவ்வொரு படியிலும் பயம் வரும். இங்கே ஒரு விஷயத்தைக் கவனமாகப் பிடித்துக்கொள்ளுங்கள்: பயம் உச்சியில் இருக்கும்போது பள்ளியை விட்டு வெளியே கூட்டிக்கொண்டு வராதீர்கள். பத்து இருபது நிமிடம் அங்கேயே இருந்தால் அது தானாக இறங்க ஆரம்பிக்கும், அந்த இறக்கத்தை அவன் உடம்பு ஒரு தடவை அனுபவித்துவிட்டால் அடுத்த நாள் பாதி வேலை முடிந்த மாதிரி. கூட்டிக்கொண்டு போவது நீங்களாக இல்லாமல் மாமாவோ சித்தப்பாவோ இருந்தால் இன்னும் நல்லது, அம்மா முகத்தில் இருக்கிற பதற்றத்தைப் பிள்ளை உடனே படித்துவிடும். ஒரு நாள் சறுக்கினால் முந்தின படியில் மறுநாளே நிற்க வையுங்கள், முதலிலிருந்து ஆரம்பிக்காதீர்கள்.

பள்ளிக்குப் போகாத நேரத்தில் வீடு லீவு நாள் மாதிரி இருக்கக் கூடாது. தண்டனை மாதிரி இல்லை, ஆனால் ஆறரைக்கு எழ வேண்டும், குளிக்க வேண்டும், ஒன்பதிலிருந்து நாலு வரை போன் கிடையாது, டிவி கிடையாது, புத்தகமும் நோட்டும்தான். ராத்திரி ஒரு மணி வரை போன் பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிற பழக்கம் வந்திருந்தால் முதல் வாரம் முழுக்கத் தூக்கத்தைச் சரி செய்வதற்கே போகும், போகட்டும். பாட்டிக்கும் இதைச் சொல்லிப் புரிய வையுங்கள். ஒருவர் போனைப் பிடுங்க, இன்னொருவர் 'பாவம் குழந்தை' என்று கொடுக்க, அதற்கு நடுவில் எதுவும் நகராது.

பள்ளியை மாற்றுவது பற்றிக் கேட்டீர்கள். காரணம் தெரியும் முன் மாற்றாதீர்கள். புதுப் பள்ளியில் முதல் ஒரு மாதம் நன்றாகப் போவான், எல்லோரும் நிம்மதியாவீர்கள், வாசிப்புக் கஷ்டமோ கூச்சமோ அவன் கூடவே அந்தப் பள்ளிக்கும் போயிருக்கும். ஹாஸ்டலில் போட்டால் வழிக்கு வருவான் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். அட்டெண்டன்ஸ் போய் ஒரு வருடம் வீணாகிவிடுமோ என்ற பதற்றமும் வேண்டாம், தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தி வைப்பதில்லை. நிதானமாக ஏறுவதற்கு உங்களுக்கு நேரம் இருக்கிறது.

இரண்டு வாரம் இப்படிச் செய்தும் முதல் படியே ஏற முடியவில்லை என்றாலோ, சாப்பாடு குறைந்து, விளையாட்டும் விட்டுப்போய், தனியாகவே இருந்தாலோ மனநல மருத்துவரைப் பாருங்கள். செத்துப்போகலாம் என்பது போல ஒரு வார்த்தை வந்தால் இரண்டு வாரம் பார்க்காதீர்கள், அன்றைக்கே போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, செலவில்லை. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ல் எந்த நேரமும் தமிழில் பேசலாம். மாத்திரை என்றதும் பயப்படாதீர்கள், எல்லோருக்கும் கொடுப்பதில்லை, பெரும்பாலும் பேசிப் பேசியும் படிப்படியாகப் பழக்கியும்தான் சரி செய்வார்கள்.

உங்கள் மகன் இன்னும் சிலம்பத்தை விடவில்லை, அதனால் நானாக இருந்தால் அங்கேயிருந்துதான் தொடங்குவேன். இந்தச் சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் சிலம்ப மாஸ்டரிடம் தனியாகப் பேசுங்கள், நடந்ததைச் சொல்லுங்கள். அடுத்த புதன்கிழமை நாலு மணிக்கு, மணி அடித்துப் பிள்ளைகள் எல்லாம் கிளம்பிய பிறகு, "கம்பு ரெண்டு உன் கிளாஸ்ல வைக்கணும், வா" என்று அவனைக் கூட்டிக்கொண்டு மாடி ஏற முடியுமா என்று கேளுங்கள். அவன் எந்தப் படியில் தயங்கி நிற்கிறான், எந்த வாசலைக் கடக்கும்போது தலையைக் குனிகிறான் என்று மட்டும் அவர் பார்த்துவந்து சொன்னால் போதும்.